கதியால்

தபசுகாலத்தின் ஐந்தாம் கிழமை. வெள்ளி பின்னேரம் மூன்றரை. வலிகாமம் மேற்கில் ஒரு கோயில். ஓடு கொதிக்கிறது. பனைகளில் அசைவில்லை.

மூப்பர் கதிரை போடுகிறார். பிளாஸ்ரிக் கதிரைகள், மூன்று. ஒன்று சவேரியார் சுரூபத்தடியில். ஒன்று பாடகர் நிற்கும் மூலையில். ஒன்று வெளி விறாந்தையில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முழந்தாளிட ஒரு பலகை. பலகையில் பழைய துவாயை மடித்துப் போடுகிறார். கதிரை சனத்தைப் பார்க்கக் கூடாது. சுவரையும் பார்க்கக் கூடாது. மூப்பர் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி வாசலருகே நிற்கிறது. பழைய தேக்கு. கம்பி வலையில் ஒட்டடை. உள்ளே நத்தார்க் குடிலின் இரண்டு ஆடுகள், ஒலிவாங்கியின் கால், தேய்ந்த தும்புத்தடி. குரு இருக்கும் பலகையில் ஒட்டகம் இருக்கிறது.

குருமார் வருகிறார்கள். பங்குத் தந்தைக்கு விறாந்தை. அயல் பங்கிலிருந்து வந்த இளையவருக்குப் பாடகர் மூலை. மன்னாரிலிருந்து வந்தவருக்குச் சவேரியாரடி. ஊதாப் பட்டிகள் கழுத்தில் விழுகின்றன.

இருக்க முன்னர் மன்னார்க் குரு ஐந்து நிமிடம் பேசுகிறார். லூக்கா எழுதிய நற்செய்தி, 15ஆம் அதிகாரம். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன். அவன் தூர தேசத்தில் பன்றி மேய்க்கிறான், தவிட்டுக்கு ஏங்குகிறான், நடக்கிறான், யோசிக்கிறான். ஆனால் வீடு திரும்பியவனைக் கண்ட தகப்பன், இவன் செத்துப் போயிருந்தவன் என்கிறார். ஒரு மூச்சும் நிற்காத சாவு அது என்கிறார் குரு. அடுத்து 19ஆம் அதிகாரத்துக்குத் தாவுகிறார். வரி வசூலித்த சக்கேயு. ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னவன். களவெடுத்தது கையில் இருக்க மன்னிப்பு மட்டும் கேட்டால் காணாது என்று குரு முடிக்கிறார்.

மூன்றாம் வாங்கில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அறுபது வயது இருக்கும். சேர்ட் பொக்கற்றில் கண்ணாடிக் கூடு. விசிறி சுழலவில்லை.

சனம் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறது. வரிசைகள் தாமாக அமைகின்றன. மன்னார்க் குருவின் வரிசை தூணைச் சுற்றி வளைந்து வாசலைத் தொடுகிறது. இளையவருக்குப் பாதிக் கூட்டம். பங்குத் தந்தைக்கு முன்னால் சிறுவர் நால்வர், ஒரு சிஸ்டர். பங்குத் தந்தைக்கு ஊர்க் குரல்கள் தெரியும். செருப்புகளும் தெரியும்.

அவர் செபப் புத்தகத்தைத் திறக்கிறார்.

நீண்ட வரிசையின் தலை காலியாக இருக்கிறது.

"நீங்கள் போங்கோ அக்கா."

"இல்லை, நீங்கள்தானே முந்தி வந்தனீங்கள்."

"எனக்கு நேரமிருக்கு. நீங்கள் போங்கோ."

சங்கானைச் சந்தியில் மினிபஸ் ஏறும்போது இந்த மரியாதை இல்லை.

கடைசியில் ஒரு ஆச்சி எழும்புகிறார். ஒவ்வொரு தபசுகாலமும் முதலாவது அவர்தான். முழந்தாளிடுகிறார், சிலுவை போடுகிறார், பேசத் தொடங்குகிறார். பெருவிரல் தோளுக்கு மேலால் பின்னுக்குக் காட்டுகிறது. பின்னால் மருமகள் நிற்கிறாள். குரு தலையை ஆட்டுகிறார். கையைத் திருப்பி ஆச்சியின் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறார். ஆச்சி சற்று யோசிக்கிறார். பெருவிரல் மறுபடி பின்னுக்குப் போகிறது.

விறாந்தைத் தூணில் ஒரு தாள். கண்ணாடிக் கடதாசி ஒட்டி ஆணி அடித்திருக்கிறது. பாவம் இரண்டு வகை என்று தொடங்குகிறது. அற்பப் பாவம் ஆன்மாவைக் காயப்படுத்தும். சாவான பாவம் அதைக் கொல்லும். கொல்வதற்கு மூன்றும் சேர வேண்டும்: கனமான காரியம், கனம் என்று தெரிந்திருத்தல், தெரிந்தும் மனம் ஒப்பிச் செய்தல். ஒன்று குறைந்தாலும் சாவில்லை.

தாளை வாசிப்பவர்களின் விரல் மேலிருந்து இறங்குகிறது. முதல் நிபந்தனையை வேகமாகக் கடக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நிற்கிறது.

இந்தச் சாவுக்கு அறிவித்தல் ஒட்டுவதில்லை. செத்தவர் சந்தைக்குப் போகிறார். சீட்டுக் கட்டுகிறார். பிள்ளைக்குப் புதுநன்மைச் சட்டை தைக்கக் கொடுக்கிறார். ஞாயிறு பூசையில் நற்கருணைக்கு எல்லோரும் எழும்பும்போது எழும்பாமல் இருந்தால் மட்டும் அயல் வாங்கு திரும்பிப் பார்க்கிறது. அதனால் பெரும்பாலும் எல்லோரும் எழும்புகிறார்கள்.

கண்ணாடிக் கூட்டுக்காரர் வரிசைக்கு வந்துவிட்டார். பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளை முன்னுக்கு விடுகிறார்.

வேப்பமரத்தடியில் மறைக்கல்வி வகுப்பு. பாய் விரித்திருக்கிறது. வருகிற மாதம் புதுநன்மை. இன்றைக்கு முதல் பாவசங்கீர்த்தனம். பிள்ளைகளின் மடியில் சதுரக் கோட்டுக் கொப்பிகள். கொப்பியில் பாவங்கள்.

இரண்டு சிறுமிகள் தலையோடு தலை வைத்து எழுதுகிறார்கள்.

"நீ என்னத்தை எழுதினனி?"

"அம்மாவுக்குப் பொய் சொன்னது."

"நானும் அதை எழுதட்டோ?"

"நீ உண்மையா சொன்னனியோ?"

"இல்லை."

பென்சில் எழுதுகிறது. இனிச் சொல்லியாகிவிட்டது.

சிஸ்டர் ஏதேன் தோட்டத்துக்கு வருகிறார். விலக்கப்பட்ட மரம். சாப்பிடும் நாளில் சாவாய் என்ற எச்சரிக்கை. பாம்பு. பழம். கரும்பலகையில் ஒரு வட்டமும் ஒரு காம்பும்.

பின்வரிசையில் ஒரு கை உயர்கிறது. பொத்தான் இல்லாத சேர்ட்.

"சிஸ்டர், ஆதாம் அண்டைக்குச் சாகேல்லையே?"

சிஸ்டர் வேதாகமத்தைப் புரட்டுகிறார். ஆதியாகமம் 5ஆம் அதிகாரம், 5ஆம் வசனம். கரும்பலகையில் எழுதுகிறார்: 930.

பிள்ளைகள் எண்ணைப் பார்க்கிறார்கள். பழம் சாப்பிட்ட பிறகும் காயீன், ஆபேல், சேத், இன்னும் ஆணும் பெண்ணுமாய்ப் பிள்ளைகள். வியர்வை சிந்தி வேளாண்மை. 930 வயது வரை ஒரு மனிதன்.

"அப்ப எச்சரிக்கை பொய்யோ, சிஸ்டர்?"

சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். மதிலோரம் வெட்டிப் போட்ட பூவரசங் கொப்பு கிடக்கிறது. அதைத் தூக்கிக் காட்டுகிறார். முந்தநாள் வெட்டினது. இலை இன்னும் பச்சை. பார்த்தால் உயிரோடு இருக்கிறது. ஆனால் மரத்தை விட்டுப் பிரிந்த நிமிடமே சாவு தொடங்கிவிட்டது. கடவுளைவிட்டு ஆதாம் பிரிந்ததும் அப்படித்தான். அன்றைக்கே செத்தார். விழுந்தது பிறகு.

பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். விடயம் முடிந்தது.

பொத்தான் இல்லாத சேர்ட் முடிக்கவில்லை.

"நட்டால் கதியால் சிஸ்டர். தழைக்கும்."

வகுப்பு சிரிக்கிறது. சிஸ்டரின் கையில் கொப்பு நிற்கிறது. சுண்ணாம்புக் கட்டி மற்றக் கையில். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"அதைத்தான் அடுத்த கிழமை படிக்கப் போறம்," என்கிறார்.

அடுத்த கிழமை பெரிய வெள்ளி.

கோயிலுக்குள் வெக்கை. செபப் புத்தகங்கள் விசிறிகளாகின்றன. தோளில் பை மாட்டிய ஒரு அன்ரி முழந்தாளிடுகிறார். சப்பாத்து வெள்ளை. ரொறன்ரோவிலிருந்து பெருவிழாவுக்கு வந்தவர். குரு ஏதோ கேட்கிறார். அன்ரி இரண்டு கைகளையும் விரிக்கிறார். மூடி மறுபடி விரிக்கிறார். பிறகு ஒரு கையில் மூன்று விரல்கள்.

குருவின் முகத்தில் மாற்றம் இல்லை. கதிரையில் சற்றுச் சாய்ந்து இருக்கிறார்.

வருடம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் என்பது சட்டம். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் போட்டது. உரோமையில் எழுதிய அந்த வரிக்காக இங்கே பங்குனியில் வரிசைகள் நீளுகின்றன.

ஒரு காலம் வரிசையே இல்லை. சில மைல்கள் வடக்கே சில்லாலை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போகிறது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்படுகிறார்கள். குருவை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை. 1687இல் கோவாவிலிருந்து ஒருவர் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேர்கிறார். யோசே வாஸ் அடிகளார். கழுத்தில் செபமாலை. வந்த புதிதில் வயிற்றோட்டம். வீடு வீடாகப் போய், செபமாலையை யார் உற்றுப் பார்க்கிறார்கள் என்று அவர் பார்க்கிறார்.

இடையில் 29 வருடங்கள். ஒரு தலைமுறை பாவம் செய்து, சொல்ல ஆளில்லாமல், சேமக்காலைக்குப் போயிருக்கிறது. குரு கிடைக்காதவருக்கும் வழி உண்டு என்கிறது மறைக்கல்வி. உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்து வருந்துவது அல்ல, கடவுளை நோகடித்தோமே என்று வருந்துவது. அந்த 29 வருடங்களில் எவருக்கு எந்த வருத்தம் என்பதற்குப் பதிவேடு இல்லை.

2015 தை 14. காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசே வாஸ் அடிகளாரைப் புனிதர் என்று அறிவிக்கிறார். சில்லாலையில் வெடி கொளுத்துகிறார்கள்.

கண்ணாடிக் கூட்டுக்காரருக்கு முன்னால் இருவர். பின்னால் ஒரு இளைஞன், கையில் தலைக்கவசம். அவனையும் முன்னுக்கு விடுகிறார்.

இளைஞன் முழந்தாளிட்டுக் கைபேசியை எடுக்கிறான். பெருவிரல் திரையைத் தள்ளுகிறது. வாய் அசைகிறது. பெருவிரல் மறுபடி தள்ளுகிறது. பட்டியல் நீளம். நடுவில் கைபேசி அதிர்கிறது. அழைப்பைத் துண்டித்து, விட்ட இடத்தைத் தேடுகிறான். குரு காத்திருக்கிறார்.

தெற்கே வட்டுக்கோட்டை. இங்கே கதிரை இல்லை. 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் இறங்குகிறார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. தலைவர் தானியேல் பூர். அட்சர கணிதம், வானசாஸ்திரம், தமிழ், ஆங்கிலம், அதோடு பாவ உணர்வு. ஞானஸ்நானம் கேட்டு வரும் பையன் வேதாகமத்தை ஒப்புவித்தால் மட்டும் போதாது. தான் பாவி என்று உள்ளத்தில் குத்துண்டானா என்று விசாரிக்கிறார்கள். 1824இல் மிசன் நிலையங்களில் எழுப்புதல். பள்ளிப் பையன்கள் அழுகிறார்கள். மிசனரிமார் அதைக் கடிதங்களில் எழுதி அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள்.

அழுதவர்களில் சிலர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். சிலர் செமினரி முடித்து, அரசாங்க உத்தியோகம் கிடைத்து, விபூதியோடு வேலைக்குப் போகிறார்கள்.

தெருவோர மதில் ஒன்றில் வசனம் எழுதியிருக்கிறது. மழை அதைக் கரைத்துவிட்டது. 'உரோமர் 6:23' மட்டும் மிச்சம். தெரிந்தவர் அழிந்த பகுதியையும் வாசித்துக்கொண்டு போகிறார். தெரியாதவருக்கு அது ஒரு வீட்டு இலக்கம். பக்கத்தில் உயர்தரப் பௌதிகவியல் ரியூசன் விளம்பரம், புதுப் பசையோடு.

இன்னும் கொஞ்சம் தள்ளித் தகரக் கொட்டகை. ஒலிபெருக்கி. போதகர் கையுயர்த்துகிறார். சனம் கையுயர்த்துகிறது. பாவம் இங்கே குசுகுசுப்பில் இல்லை, உரத்த குரலில். கொட்டகைக்கு எதிரே முருகன் கோயில். ஐயர் மணியைச் சற்று நீட்டி அடிக்கிறார். அங்கே தீர வேண்டியது ஆணவ மலம். அதற்குத் தொடக்கமில்லை, செம்பில் களிம்பாய்க் கூடவே இருக்கிறது என்பது சைவ சித்தாந்தம். எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஒரு தோட்டமும் ஒரு மரமும் ஒரு நாளும் இருக்கின்றன. நடுவில் தெரு. தெருவில் ஒரு மாடு.

கோயிலில் மூப்பர் ஒலிவாங்கியைத் தட்டுகிறார். ஆத்தும சோதனை. பத்துக் கற்பனைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கடன் திருநாளில் பூசை விட்டேனா? பொய்ச் சத்தியம் செய்தேனா? பெற்றோரை மதித்தேனா? பிறர் பொருளை எடுத்தேனா? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு மூச்சு இடைவெளி. ஆறாம் கற்பனைக்கு மட்டும் இடைவெளி நீளம்.

பாவம் நான்கு வழியால் வருகிறது என்று மூப்பர் நினைவூட்டுகிறார். நினைப்பால், சொல்லால், செய்கையால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால். நான்காவதற்குத் தாளில் தனிக் கேள்விகள் இல்லை. மூப்பர் தாளை மடிக்கிறார்.

அவர் எழும்பிய வாங்கில் பத்திரிகை விரிந்து கிடக்கிறது. மணமக்கள் தேவை பக்கம். ஆர்.சி. என்று தொடங்கும் விளம்பரங்கள். அடுத்த சொல் சாதி. அதற்கடுத்தது பிரஜாவுரிமை. ஒன்றைச் சுற்றி நீலப் பேனையால் வட்டம். சில ஊர்களில் ஒரே மறைக்கு இரண்டு கோயில்கள் நிற்கின்றன. சேமக்காலைகளும் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போகலாம். சனம் போவதில்லை.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகரம். விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். முஸ்லிம்கள் வெளியேறுவதற்கு இரண்டு மணி நேரம். சோனகத் தெருவில் கதவுகள் பூட்டப்படுகின்றன. சாவிகள் இடுப்பில் செருகப்படுகின்றன. சோதனை முனையில் நகையும் காசும் கழற்றப்படுகின்றன. அயல் தெருக்களில் சனம் படலைவரை வந்து பார்க்கிறது. படலையைச் சாத்துகிறது.

நவாலி. புனித பேதுருவானவர் ஆலயம். எஜமானை மூன்று தரம் மறுதலித்து, சேவல் கூவ அழுதவரின் பெயர். 1995 யூலை 9, பின்னேரம். இராணுவம் வலிகாமத்தில் முன்னேறுகிறது. ஷெல்லுக்குத் தப்பி நடந்து வந்த சனம் கோயிலிலும் மரநிழல்களிலும் இருக்கிறது. பானைகள், சைக்கிள்கள், பிள்ளைகள். விமானப்படை விமானம் குண்டு போடுகிறது. நூற்றுக்கும் அதிகமானோர் சாகிறார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம்.

ஒவ்வொரு யூலை 9இலும் பூசை. பூக்கள். மெழுகுதிரிகள். பூசையின் தொடக்கத்தில் பாவ அறிக்கை உண்டு. அன்று வந்திருப்பவர்கள் எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். மகனைக் கொடுத்த தாயும் அடித்துக்கொள்கிறாள். குண்டுக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

தாளில் உள்ள நிபந்தனைகள் மூன்று. கனமான காரியம். தெரிந்திருத்தல். மனம் ஒப்புதல்.

நாலரை மணி. கோயிலுக்கு மேற்கே ஒழுங்கை. இரண்டு வளவுகள் அடுத்தடுத்து. இரண்டு படலைகளிலும் பெயர்ப் பலகை. முன்னெழுத்து ஒன்றே. நடுவில் கிளுவங் கதியால் வேலி. ஒழுங்கைப் பக்கமிருந்து நேராகப் போகிறது. கிணற்றடியில் கிழக்கே வயிறு தள்ளுகிறது. ஒரு முழம் இருக்கும். பின் வளவுக்குப் போகப் போக மறுபடி நேராகிறது.

நேரான பகுதியில் நிற்கும் கதியால்கள் பழையவை. அடி தடித்து மரமாகி, பாசி பிடித்தவை. வயிற்றுப் பகுதியில் நிற்பவை கைத்தடி மொத்தம். வயிற்றுக்குள் ஒரு கறுத்தக் கொழும்பான் மாமரம் நிற்கிறது. காய்த்துத் தொங்குகிறது.

புனித அகுஸ்தீனார் பதினாறு வயதில் அயலவன் தோட்டத்துப் பேரிக்காயைக் களவெடுத்தார். பசிக்கு இல்லை, காயும் நல்ல காய் இல்லை, பன்றிகளுக்கு எறிந்தார். களவின் ருசிக்காகவே களவு என்று பிற்காலத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். சென்மப் பாவம் என்ற படிப்பினைக்கு உருக் கொடுத்தவர் அவர்தான். கறுத்தக் கொழும்பானை அவர் அறியமாட்டார்.

வடக்கே, பலாலிப் பக்கம், இன்னொரு வேலி. முட்கம்பி, கொங்கிறீற்றுத் தூண். 1990 ஆனியில் எழும்பிப் போன சனத்தின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் அதற்குள். தோட்டங்கள், கிணறுகள், கோயில்கள். ஆட்கள் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போகிறார்கள்.

அந்த வேலி நேராக இருக்கிறது.

ஐந்து மணி. வரிசை கரைந்துவிட்டது. முன்னுக்கு விட ஆளில்லை. கண்ணாடிக் கூட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் தூண்.

முழந்தாளிடுகிறார். பலகை கிறீச்சிடுகிறது. லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். லேஞ்சியை மடிக்கிறார். இன்னும் பேசவில்லை. குரு காதைச் சாய்த்துக் காத்திருக்கிறார்.

பேச்சு தொடங்குகிறது. சத்தம் இல்லை. கைகள் மட்டும் தெரிகின்றன. வலது கை காற்றில் ஒரு நேர்கோடு இழுக்கிறது. நடுவில் கோடு வளைகிறது. மறுபடி நேராகிறது.

குரு ஒன்று கேட்கிறார். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தொட்டுக் காட்டுகிறார்.

குரு மறுபடி கேட்கிறார். அவர் தலையை ஆட்டுகிறார். கைகள் வேகமாக அசைகின்றன. எதிர்ப்பக்கத்தைச் சுட்டுகின்றன. தாங்கியது, பொறுத்தது, அவன் முதலில் தொடங்கியது, எல்லாம் விரல்களில் வந்துபோகின்றன. குரு கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளங்கையை நிமிர்த்தி, இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளுகிறார். ஒரு முழம்.

கண்ணாடிக் கூட்டுக்காரர் பேசாமல் இருக்கிறார். எழும்பப் பார்க்கிறார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மறுபடி இறங்குகிறார்.

விறாந்தையில் பங்குத் தந்தை புத்தகத்தை மூடிவிட்டார். பாடகர் மூலையில் இளைய குரு நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் வேறு ஒருவரும் இல்லை, மூப்பரைத் தவிர. மூப்பர் திறப்புக் கோர்வையை ஆட்டுகிறார். ஆட்டியதை உணர்ந்து பொத்திப் பிடிக்கிறார்.

கடைசியில் தலை அசைகிறது. மேலும் கீழும், ஒரு தரம்.

குருவின் கை உயர்கிறது. சிலுவை வரைகிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஒரு நிமிடத்தில் செத்த ஆன்மா உயிர்க்கிறது, இழந்த வரப்பிரசாதம் திரும்புகிறது, முன்னர் செய்த நன்மைகளும் கூடவே உயிர் பெறுகின்றன என்பது திருச்சபையின் படிப்பினை. வெளியில் தெரிவது, ஒரு மனிதர் வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டுவது.

அவர் போன பிறகு மூப்பர் கதிரை எடுக்க வருகிறார். எடுக்க முடியவில்லை. பங்குத் தந்தை பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சவேரியாரடிக்கு வருகிறார். மன்னார்க் குருவின் பக்கத்தில் முழந்தாளிடுகிறார். துவாயைச் சற்று இழுத்துவிட்டுக்கொள்கிறார். அது முடிய இடம் மாறுகிறது. மன்னார்க் குரு பலகையில், பங்குத் தந்தை கதிரையில்.

மூப்பர் சுரூபத்தைப் பார்த்தபடி நிற்கிறார். தொட்டிக்குள் இருக்கும் ஒட்டகத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்போல் தெரிகிறது. ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை.

சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். ஒழுங்கையில் பால்காரனின் சைக்கிள்.

கிணற்றடியில் ஒருவர் நிற்கிறார். சாரம் மடித்துக் கட்டு. சேர்ட் இல்லை. கண்ணாடி மூக்கில். கையில் அலவாங்கு. காலடியில் ஒரு கயிற்றுச் சுருள், இரண்டு முளை.

ஒழுங்கைப் பக்கத்துப் பழைய கதியாலில் கயிற்றைக் கட்டுகிறார். பின் வளவின் பழைய கதியால்வரை இழுத்துக் கட்டுகிறார். கயிறு மாமரத்துக்கு மேற்கே நேராகக் கிடக்கிறது. மாமரம் மற்றப் பக்கம் போய்விட்டது. மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். அணில் கடித்த காய் ஒன்று விழுகிறது. அதை எடுத்துக் கயிற்றுக்கு மறுபக்கம் வைக்கிறார்.

அலவாங்கு இறங்குகிறது. முதல் கதியால். அசைக்கிறார். வரவில்லை. அடியைக் கிளறுகிறார். வேர் விட்டிருக்கிறது. வேர் கிழக்கே, அடுத்த வளவுக்குள் ஓடியிருக்கிறது. மறுபடி அலவாங்கு. மண் சரிகிறது.

அடுத்த வீட்டுக் குசினி யன்னல் திறக்கிறது.

"இஞ்சேருங்கோ! எழும்பி வாங்கோ! கொண்ணர் அலவாங்கோட நிக்கிறார்! இன்னும் அரக்கப் போறார்!"

கதவு திறபடுகிறது. தம்பி வருகிறார். சாரம், தோளில் துவாய், கையில் கைபேசி. மல்லாகம் நீதிமன்றத்தில் வழக்கின் அடுத்த தவணை சித்திரையில்.

அண்ணன் நிமிர்கிறார். வாயைத் திறக்கிறார். இருமுகிறார். கயிற்றைச் சுட்டிக் காட்டுகிறார்.

தம்பி கயிற்றைப் பார்க்கவில்லை. கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார்.

"முகம் தெரிய எடுங்கோ," என்கிறது யன்னல். "திகதியும் விழவேணும்."